பூவாடைக்காரிக்குப் பாதித் திராட்சை

எங்கள் குடும்பத்தில் கல்யாணத்துக்கு முதல் அழைப்பு உயிரோடு இருப்பவர்களுக்குப் போவதில்லை. உத்திரமேரூர்ப் பக்கத்தில் பல வீடுகளில் இப்படித்தான். வாழாமல் போய்ச் சேர்ந்த பெண் ஒருத்தி இருந்தால் அவள்தான் அந்த வீட்டுப் பூவாடைக்காரி. கல்யாணத்துக்கு முன்னால் அவளைத் தண்ணீரிலிருந்து அழைத்து வந்து, புடவையும் பூவும் வைத்துப் படைக்க வேண்டும். எங்கள் பூவாடைக்காரி என் அத்தை. அப்பாவைவிட மூன்று வயது பெரியவள். கல்யாணம் பேசி முடித்திருந்த சமயத்தில், எங்கள் கழனிக் கிணற்று மேட்டில் பாம்பு கடித்துச் செத்துப்போனாள். உடம்பெல்லாம் நீலம் பாரித்துவிட்டது என்பார்கள். அதற்கு மேல் யாரும் ஒரு வார்த்தை சொல்லமாட்டார்கள். அப்பா இருக்கும்போது அந்த ஒரு வார்த்தையும் கிடையாது.

அக்காவின் கல்யாணத்தின்போது எனக்குப் பத்து வயது. கிணற்றிலிருந்து நீர் மொண்ட செம்பைத் தலையில் சுமந்து வர, மீசை முளைக்காத ஆண்பிள்ளை ஒருத்தன் வேண்டும். குடும்பத்தில் அப்படி ஐந்து பேர் இருந்தோம். குடவோலைத் தேர்தலைக் கல்லில் வெட்டி வைத்த ஊர் எங்களுடையது அல்லவா, அதனால் மாமா ஐந்து சீட்டு எழுதிக் குடத்தில் போட்டுக் குலுக்கினார். என் பெயர் வந்தது. இரண்டு நாள் ஊராட்சித் தலைவர் மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன். ஐந்து சீட்டிலும் என் பெயரைத்தான் எழுதியிருந்தார் என்பது பல வருஷம் கழித்துத் தெரிந்தது. மற்ற நான்கு பேரின் அம்மாக்களும் முதல் நாளே முடியாது என்றுவிட்டார்களாம். என் அம்மாவுக்கு விஷயம் போய்ச் சேர்வதற்குள் முடிவு அறிவிக்கப்பட்டுவிட்டது.

பெரியம்மா என்னை உட்காரவைத்துச் சட்டதிட்டம் சொன்னாள்.

"காத்தாலேர்ந்து பல்லுல பச்சத் தண்ணி படக்கூடாது. செம்பத் தலைல ஏத்துனா வூட்டுக்குள்ள வந்துதான் எறக்கணும். வாயத் தொறக்கக்கூடாது. பின்னால மட்டும் திரும்பிப் பாத்துடாத நைனா. பாத்தியானா அவ அங்கியே நின்னுடுவா."

"நின்னுட்டா இன்னா ஆவும் பெரிம்மா?"

"உங்க அக்கா கல்யாணம் நிக்கும். வேற இன்னா ஆவும்?"

காப்பிக்குச் சர்க்கரை போதுமா என்று கேட்பதுபோலத்தான் சொன்னாள். அக்கா மட்டும் என் காதைப் பிடித்துத் தனியாக இழுத்துக்கொண்டு போனாள். "டேய், உன் சேட்டையெல்லாம் அங்க வெச்சுக்காத. எதுனா ஆச்சு, நானே பூவாடைக்காரியா வந்து உன் கழுத்தப் புடிப்பேன்." சிரித்துக்கொண்டே சொன்னாள். பிடித்த காதை மட்டும் விடவில்லை.

அத்தை செத்துப்போன அந்தக் கழனி மானாம்பதிக்குப் போகிற வழியில் இருந்தது. எப்போதோ விற்றாகிவிட்டது. வாங்கியவர் கம்பம் பக்கத்துக்காரர். எங்கள் ஊர் வெயிலில் திராட்சை விளைவிக்கிறேன் என்று ஊரே சிரிக்கச் சிரிக்கப் பந்தல் போட்டார். சிரித்தவர்கள் எல்லாம் காய் பிடித்ததும் வேடிக்கை பார்க்கப் போனார்கள்.

போகும்போது ஷேர் ஆட்டோவில் போனோம். வரும்போதுதான் நடை. பூவாடைக்காரி வண்டி ஏறமாட்டாளாம். இறங்கியபோது உச்சி வெயில். பந்தலுக்குள் காலை வைத்ததும் வெயில் அணைந்துவிட்டது. தலைக்கு மேலே இலை, இலைக்குக் கீழே கறுப்புக் கறுப்பாகக் குலைகள். இலை, காய், கல்தூண் எல்லாவற்றின் மேலும் வெளிர்நீலமாக ஏதோ தெளித்திருந்தது. ஒரு குருவிச் சத்தம்கூட இல்லை.

"மயில்துத்த மருந்து அடிச்சு ரெண்டு நாள்தான் ஆச்சு. கழுவாம வாயில வெச்சிடாதீங்க" என்றார் காவல்காரர், படையலுக்கு ஒரு குலையை அறுத்துக் கொடுத்தபடி. நான் அவர் சொன்னதைக் கவனமாகக் கேட்டேன். கேட்டுக்கொண்டே இன்னொரு குலையைக் கிள்ளிச் சட்டைப் பைக்குள் திணித்தேன்.

தோட்டத்தின் நடுவில் இருந்தது கிணறு. பம்பை மேளம் அடித்தார்கள். அப்பா படியில் இறங்கி இடுப்பளவு நீரில் நின்று செம்பை நிரப்பினார். ஈரம் சொட்டச் சொட்ட மேலே வந்து என் தலையில் வைத்தபோது அவர் கை உதறியது. தண்ணீர் அவ்வளவு ஜில்லென்று இருக்கிறதோ, குடித்தால் எப்படி இருக்கும் என்றுதான் எனக்கு யோசனை ஓடியது.

நான் முன்னால் நடந்தேன். இருபதடி தள்ளிப் பம்பையும் சனமும். ஒரு கிராமத்தைத் தாண்டினோம். கூரை போன கற்கோயில், எழுத்து வெட்டிய கல்லின் மேல் துணி துவைத்துக்கொண்டிருந்த பெண்கள். செம்பைப் பார்த்ததும் எழுந்து வந்து என் காலில் மஞ்சள் தண்ணீர் ஊற்றிக் கும்பிட்டார்கள். குடம் குடமாக ஊற்றினார்கள். அத்தனையும் காலுக்கு. நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டு கிடந்தது.

அப்போதுதான் எனக்குச் சட்டத்தில் ஓட்டை தெரிந்தது. தண்ணீர் குடிக்கக்கூடாது என்றாள், பேசக்கூடாது என்றாள். திராட்சையைப் பற்றிப் பெரியம்மா ஒன்றும் சொல்லவில்லையே? பின்னால் வருகிறவர்களுக்கு என் முதுகுதான் தெரியும். ஒரு கையால் செம்பைப் பிடித்துக்கொண்டு மறு கையால் ஒவ்வொன்றாக வாயில் போட்டேன். இனிப்புக்குப் பின்னால் செப்புக்காசை நக்கியதுபோல ஒரு கசப்பு. நிறுத்தவில்லை. கொட்டையை இடப்பக்கம் துப்பிக்கொண்டே நடந்தேன்.

ஏரிக்கரை ஏறும்போது பம்பை நின்றது. பம்பைக்காரர் பீடி பற்றவைக்கிறார் போலிருக்கிறது, அவரோடு சனமும் நின்றுவிட்டது. எனக்கு நிற்க அனுமதியில்லை. கரை முழுக்கக் காய்ந்த பனையோலை. என் கால் பட்ட இடமெல்லாம் சரசரவென்றது.

கொஞ்ச தூரத்தில் இன்னொரு சத்தம் கேட்டது. சளக், சளக். ஈரக்கால் நடந்து வருகிற சத்தம். இருபதடி தள்ளி இல்லை, என் முதுகுக்குப் பக்கத்தில். அப்பாதான், வேட்டி ஈரம் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஆனால் ஓலை சரசரக்கவில்லை. நான் வேகமாக நடந்தால் அதுவும் வேகமாக வந்தது. இடப்பக்கம் துப்பினேன். சத்தம் வலப்பக்கம் ஒதுங்கிக்கொண்டது.

திரும்பினால் அக்கா கல்யாணம் போச்சு. கழுத்து தானாகத் திரும்பப் பார்த்தது. பல்லைக் கடித்து அதை முன்னாலேயே நிறுத்தினேன். என்ன செய்வதென்று தெரியாமல், வகுப்பில் முரட்டுப் பையன்களிடம் செய்வதையே செய்தேன்: பங்கு கொடுத்தேன். ஒரு திராட்சையை எடுத்துத் தோளுக்குப் பின்னால் போட்டேன்.

அது ஓலையில் விழுந்த சத்தம் கேட்கவில்லை.

இன்னொன்று போட்டேன். அதுவும் விழவில்லை. கரை இறங்கும்வரை எனக்கொன்று, பின்னால் ஒன்று என்று நேர்மையாகப் பங்கிட்டேன். அவ்வளவு நேர்மையாக நான் அதற்கு முன்னும் இருந்ததில்லை, பின்னும் இருந்ததில்லை. மறுநாள் போய்க் கரை முழுக்கத் தேடினேன். ஒரு திராட்சைகூட இல்லை. ஆடு தின்றிருக்கும். இன்றைக்கும் ஆடு என்றுதான் சொல்லிக்கொள்கிறேன்.

தெருமுனையில் பம்பை மறுபடி வந்து சேர்ந்துகொண்டது. எங்கள் வீட்டு வாசலில் ஆரத்தித் தட்டோடு பெரியம்மா நின்றாள். அவளுக்குப் பக்கத்தில், காய்ந்த வேட்டியும் சட்டையுமாக அப்பா. கிணற்றடியிலிருந்து நேராக மாமாவின் பைக்கில் ஏறி வந்து, துணி மாற்றி நெடுநேரம் ஆகியிருந்தது.

செம்பை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். மருந்துக் கசப்பு தொண்டைக்கு ஏறியது. நிலைப்படிக்கு இரண்டடிதான். அதற்குள் வாய் திறந்துகொண்டது.

"தண்ணி" என்றேன்.

போச்சு, அக்கா கழுத்தைப் பிடிக்கப்போகிறாள் என்று கண்ணை மூடிக்கொண்டேன். யாரும் திட்டவில்லை. கண்ணைத் திறந்தால் பெரியம்மா என் வாயையே வெறித்துக்கொண்டிருந்தாள். உதடு, நாக்கு, மோவாய் எல்லாம் கருநீலம்.

"வந்துட்டாடா! அதே மாரி நீலமா வந்து நிக்கிறாடா!"

தெருவே காலில் விழுந்தது. அப்பா விழவில்லை. ஓடிவந்து, செம்பை வீட்டுக்குள் வைப்பதற்கு முன்னாலேயே என் தலையிலிருந்து எடுத்து, என் வாயில் சாய்த்தார். பெரியம்மா பதறினாள். "அய்யோ, படைக்கற தண்ணிடா அது!" அவர் காதில் ஏறவில்லை. வேப்பிலையும் பூவும் மூக்கில் இடிக்க இடிக்க நான் மடக்மடக்கென்று குடித்தேன்.

"போதுமா? இன்னும் வேணுமா?"

ஆசை யாரை விட்டது. "இன்னும்" என்றேன். உள்ளே ஓடிக் குடத்தையே தூக்கி வந்தார். ஊற்றிக்கொண்டே, முகமெல்லாம் கண்ணீராக, "குடிம்மா, குடி. இப்ப எவன் வேணான்னு சொல்றான் பாக்கலாம்" என்றார்.

என்னை எதற்கு 'அம்மா' என்கிறார் என்று ஒரு கணம் குழம்பினேன். தாகம் அந்தக் குழப்பத்தையும் சேர்த்து விழுங்கிவிட்டது.

அக்காவின் கல்யாணம் ஒரு குறையும் இல்லாமல் நடந்தது. அத்தையின் கடைசி நேரத்தைப் பற்றி, என் கல்யாணத்துக்கு அவளை அழைக்கும்போதுதான் பெரியம்மா வாய் திறந்தாள். பாம்பு கடித்தவருக்குத் தண்ணீர் கொடுத்தால் விஷம் ஏறும் என்று பெரியவர்கள் சொல்லிவிட்டு, வண்டி பிடிக்க ஓடியிருக்கிறார்கள். காவலுக்கு உட்காரவைத்தது அவள் தம்பியை, என் அப்பாவை. அவனுக்குப் பதினாலு வயது. கிணற்று மேட்டில், தண்ணீர் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில், அவள் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறாள். சொன்ன பேச்சைத் தட்டாத பையன் கொடுக்கவே இல்லை. வண்டி வரும்போது அவள் கேட்பதை நிறுத்தியிருந்தாள்.

அன்று எனக்கு இதெல்லாம் தெரியாது. அப்பா அதுவரை எனக்கு ஒரு டம்ளர் தண்ணீர் எடுத்துக் கொடுத்தவரில்லை. வயிறு குடமாகி வாசலில் மல்லாந்து கிடந்தபோது, ஒரு சொட்டும் சிந்தாமல் செம்பைச் சுமந்து வந்ததற்குத்தான் இத்தனை மரியாதை என்று நினைத்து, படுத்தபடியே காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன்.