டான்சிலுக்கு ஒரு கறுப்புக் கவர்

கணவருக்கு முந்தாநாள் டான்சில் ஆபரேஷன். ரத்தக்கசிவு குறைய டாக்டர் எழுதிய மாத்திரையை வாங்க இன்று தக்கலையில் ஒரு மருந்துக்கடைக்குப் போனேன்.

சீட்டில் மாத்திரைப் பெயரை மட்டும் பார்த்த கடைக்கார அக்கா குரலைத் தாழ்த்தினார். "பீரியட்ஸ்ல ரொம்பப் போவுதா மக்கா?"

"எனக்கில்லக்கா. எனக்க வீட்டுக்காரருக்கு."

அக்கா என்னையே பார்த்தார்.

"டான்சில் எடுத்திருக்கு. தொண்டையில ரத்தம் கசியாம இருக்கதுக்கு."

"ரெண்டுக்கும் இதுதான் மக்கா" என்றார். ஆனாலும் கை பழக்கத்தில் மாத்திரையைச் செய்தித்தாளில் சுற்றிக் கறுப்புக் கவரில் போட்டுவிட்டது.

வீட்டில் அப்படியே நீட்டினேன்.

எனக்கு நாப்கின் வாங்கச் சொன்னால் "கடையில ஆளு நிக்கும்" என்று பதினான்கு வருடமாக நழுவுகிற மனிதர், இன்று பேச முடியாமல் கவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"யாரும் பாக்கல. முழுங்குங்க" என்றேன்.