ஏலத்தில் போன முதல் பாட்டில்

கீரனூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில், தொழில் தொடங்க நினைக்கும் பிள்ளைகளுக்கு ஊக்கமாக நாலு வார்த்தை பேசச் சொல்லி என்னை அழைத்தார்கள். என் தொழிலை மூடி எட்டு மாதம் ஆகியிருந்தது. எப்போதோ செய்தித்தாளில் வந்த என் படத்தைப் பார்த்துவிட்டு ஒரு பேராசிரியர் போன் செய்திருந்தார். மூடிவிட்டேன் என்று சொல்லியிருக்க வேண்டும். வாய் வரவில்லை. வருகிறேன் என்றேன். அந்த நாட்களில் யார் எதைக் கேட்டாலும் சரி என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். மறுப்பதற்கு முதலில் ஏதாவது பிடிக்காமல் இருக்க வேண்டுமே.

திருச்சியில் நான் பார்க்கும் குடோன் வேலைக்கு லீவு சொல்லிவிட்டுப் போனேன். பொன்னாடை போர்த்தினார்கள். தன்னம்பிக்கை, விடாமுயற்சி என்று மைக்கில் பேசினேன். என் குரல் பக்கத்து வீட்டு டிவி மாதிரி எங்கேயோ ஓடிக்கொண்டிருந்தது. பிள்ளைகள் கைதட்டினார்கள். எனக்குக் கூச்சம்கூட வரவில்லை.

நான் செய்தது கடலை வெண்ணெய். நிலக்கடலையை வறுத்து, அரைத்து, பாட்டிலில் அடைத்தேன். எங்களுடையது ஆவூர்ப் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பம். முதல் விளைச்சலைக் கோயிலுக்குக் கொடுப்பதும், திருவிழாப் பூசை முடிந்ததும் அதை ஏலம் விடுவதும் எங்கள் ஊர் வழக்கம். நானும் முதல் பாட்டிலைக் கொடுத்தேன். துபாயிலிருந்து லீவில் வந்திருந்த இரண்டு பேர் போட்டி போட்டு ஏற்றியதில், அது ஓர் ஆட்டுக்குட்டி விலைக்குப் போனது. கூட்டம் கைதட்டியது. அந்தக் கைதட்டலை நம்பித்தான் ஷெட் போட்டேன், பெரிய மெஷின் வாங்கினேன். எங்கள் ஏலத்தில் ஓர் எலுமிச்சம்பழமே கோழி விலைக்குப் போகும். அது சாமிக்குக் கொடுக்கிற விலை, பழத்துக்கு இல்லை. சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த இந்த விஷயம், என் பாட்டில் என்று வந்தபோது எனக்கு மட்டும் மறந்துபோனது. ஊரே பிரமாதம் என்றது. இரண்டாவது பாட்டில் கேட்டு ஒருவரும் வரவில்லை. ஏலத்தில் எடுத்தவர் வீட்டு அலமாரியில் அந்தப் பாட்டில் மூடி திறக்காமல் இருந்ததை நானே பார்த்தேன்.

இதில் ஒரு வார்த்தையும் மேடையில் சொல்லவில்லை.

கூட்டம் முடிந்து பஸ் ஸ்டாப்பில் நின்றபோது ஒரு பெண் பின்னாலேயே வந்தாள். அந்தக் கல்லூரியில் அப்போதுதான் படிப்பை முடித்தவள், விராலிமலைப் பக்கம் ஊர். மக்காச்சோளத் தட்டையை நறுக்கி, காற்றுப் புகாமல் மூட்டை கட்டிப் புளிக்கவைத்து, ஒன்றிரண்டு மாடு வைத்திருப்பவர்களுக்குத் தீவனமாக விற்கிறாளாம். சென்னையில் ஒரு கம்பெனியில் வேலையும் கிடைத்திருந்தது. திங்கட்கிழமை சேர வேண்டும்; அப்பா டிக்கெட் எடுத்துவிட்டார். போகவா வேண்டாமா, ஒன்று சொல்லுங்கள் என்றாள்.

மேடையில் பேசியதையே திருப்பிச் சொல்லிவிட்டு பஸ் ஏறியிருக்கலாம். ஆனால் வாயில் வந்தது வேறு.

"ரெண்டாந்தடவ வாங்குனது யாரும்மா?"

"பதினோரு வீடு சார். ஒருத்தரு, நாத்தம் கொடலப் புடுங்குதுன்னு ஒவ்வொரு தடவையும் திட்டுவாரு. ஆனா வாராவாரம் மொத ஆளா வந்து நிக்கிறது அவருதான்."

சொந்தக்காரரா என்று கேட்டேன். யாரென்றே தெரியாது என்றாள்.

எனக்குப் பொறாமையாக இருந்தது. எட்டு மாதத்தில் எனக்குள் எழுந்த முதல் உணர்ச்சி அதுதான். எனக்கு அத்தனை பேர் கைதட்டினார்களே தவிர, திட்டிக்கொண்டாவது வாங்க ஒருத்தர் இல்லை.

போகாதே என்றேன். கைதட்டுகிறவர்களை விடு, அந்தப் பதினோரு வீட்டைப் பிடித்துக்கொள் என்றேன். தான் சொன்னால் அப்பா கேட்கமாட்டார் என்று அவள் அங்கேயே போனைப் போட்டு என் கையில் கொடுத்துவிட்டாள்.

நான் யார், என்ன தொழில் என்று அவர் விசாரித்தார்.

"மூடிட்டேங்க" என்றேன். அந்த வார்த்தையை வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. "ஒங்க பொண்ணுகிட்ட பதினோரு வீடு திரும்பத் திரும்ப வாங்குது. எங்கிட்ட ஒரு வீடுகூட வாங்கல. இப்ப திருச்சிக்கு வேலைக்குப் போறேன்."

"வேலை நல்லாருக்கா தம்பி?"

அதுவரை என்னிடம் யாரும் அதைக் கேட்டதில்லை.

"சம்பளம் ஒழுங்கா வருதுங்க. ஆனா அங்க போனதுலேர்ந்து எனக்கு ஒண்ணுமே தோண மாட்டேங்குது. சந்தோஷமும் இல்ல, துக்கமும் இல்ல."

போனில் அந்தப் பக்கம் ஒரு மாடு கத்துவது கேட்டது.

"சரி. ஆறு மாசம் பாக்கட்டும். டிக்கெட்ட நான் கேன்சல் பண்ணிர்றேன்."

அப்பா சொன்னதை அவளிடம் சொன்னதும் அழுதுவிட்டாள். நானும் அழுதேன். அவளுக்காக அழுகிறேன் என்று நினைத்திருப்பாள். நான் அழுதது எனக்காக.