நாடா வெட்டாத கக்கூசு

எங்கள் பகுதிச் சின்னப் பள்ளிக்கூடத்துக் கக்கூசைக் கட்டியவர்களில் நானும் ஒருவன். இதைப் பெருமையாகத்தான் சொல்கிறேன், ஏனென்றால் எனக்கும் பள்ளிக்கூடம் என்ற ஒன்றுக்கும் வாழ்நாளில் இருந்த சம்பந்தம் அவ்வளவுதான். படிக்க ஒருநாளும் போனதில்லை. எழுத்துக் கூட்டப் பழகியதெல்லாம் பிறகு, மகளின் சிலேட்டை எட்டிப் பார்த்து. திருகோணமலைத் துறைமுகத்தில் மூட்டை சுமந்து கழுத்துக் குறுகிப்போன ஆள் நான். கழுத்துக்கு மேலே இருப்பது மூட்டை வைக்க மட்டும்தான் என்று என் மனுசி சொல்லுவாள். பொய்யில்லை என்பதை நீங்களே பார்க்கப் போகிறீர்கள்.

தின்னப் பாண் கிடைக்காமல் கடைவாசலில் விடியக்காலையில் வரிசையில் நின்ற காலம் அது. பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் ஈச்சம் பற்றைக்காடு இருந்தது. பிள்ளைகள் அங்கேதான் ஒதுங்கினார்கள். பிறகு யாரோ அந்தக் காட்டை வெட்டி வெளியாக்கி மீன்வாடிக் கொட்டில் போட்டார்கள். பகல் முழுக்க அங்கே ஆம்பிளைகள் குந்தியிருந்து கிழிந்த வலை பொத்தினார்கள். பொடியன்களுக்கு ஒரு சுவர் கிடைத்தால் போதும். பொம்பிளைப் பிள்ளைகள் எங்கே போவது?

அதனால் பிள்ளைகளின் தாய் தகப்பன்மார் சேர்ந்து, கூலியில்லாமல் சிரமதானத்தில் ஒரு கக்கூசு கட்டினோம். சீமெந்துக்கு அலைந்தோம். கடற்கரை மண்ணைத் தலையில் சுமந்தோம். துறைமுகத்தில் கழித்துவிட்ட பெட்டிப் பலகைகளில் நானே கதவு அடித்துப் பூட்டினேன். வெள்ளையும் அடித்து முடித்த அன்று பெரிய வாத்தியார் வந்து சுற்றிப் பார்த்து, "வடிவாயிருக்குது" என்று சொல்லி, ஒரு பெரிய ஆமைப்பூட்டை அந்தக் கதவில் கொளுவித் திறப்பை இடுப்பில் செருகினார்.

கல்விக் கந்தோரில் அதிகாரியாக இருக்கும் பெரியவர் வந்து நாடா வெட்டித்தான் திறக்க வேண்டுமாம்.

நாங்களும் சாமான்களைப் பொறுக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனோம். எங்கள் பக்கத்தில் அது புதினமில்லை. பஸ் நிற்கிற இடத்தில் போட்ட கொட்டிலைக்கூட ஒருவர் வந்து திறக்கும்வரை, அதற்கு வெளியே மழையில் நனைந்துகொண்டு பஸ்ஸுக்கு நின்ற சனம் நாங்கள். நனைந்தவர்களில் நானும் ஒருவன். நாடாவுக்குக் கீழே குனிந்து போயிருக்கலாம் என்று எனக்குத் தோன்றவேயில்லை.

பெரியவர் வரவில்லை. முதலில் அவருடைய ஜீப்புக்கு டயர் இல்லை என்றார்கள். பிறகு அவர் வீட்டில் கலியாணம் என்றார்கள். பிறகு ஒன்றுமே சொல்லவில்லை. வெள்ளை அடித்த கக்கூசு முற்றத்தில் பூட்டோடு நின்றது. காகங்கள் அதன் கூரையில் இருந்து தங்கள் அலுவலைப் பார்த்தன. அவற்றுக்கு மட்டும் நாடா தேவைப்படவில்லை.

என் மகள் அப்போது மூன்றாம் வகுப்பு. பள்ளிக்கூடம் விட்டதும் படலையைத் தள்ளிக்கொண்டு ஓடி வருவாள். புத்தகத்தை முற்றத்தில் எறிந்துவிட்டு நேரே வீட்டுக்குப் பின்னால் கோடிப்பக்கம் போய்விடுவாள். "ஆர் துரத்துறான் உன்னை?" என்று நான் பகிடி பண்ணுவேன். காலையில் தேத்தண்ணி குடிக்க மாட்டாள். இடைவேளையில் பிள்ளைகளின் உடம்பு தேறவென்று பள்ளிக்கூடத்தில் மாப்பால் கரைத்துக் கொடுப்பார்கள். அதை வேலியோரம் ஊற்றியிருக்கிறாள். வகுப்பு ரீச்சர் கண்டு, அடிமட்டத்தால் உள்ளங்கையில் போட்டிருக்கிறா. ஏன் ஊற்றினாய் என்று கேட்டதற்கு இவள் பதில் சொல்லவில்லையாம். அதற்கு இன்னும் ஒன்று.

எதைச் சொல்லுவாள்? ரீச்சரிடம் எந்தப் பிள்ளை அதைச் சொல்லும்?

பிறகு காய்ச்சல் வந்தது. குளிசை கொடுத்தோம், விடவில்லை. ஒண்டுக்கு இருக்கேக்க சலம் கடுக்குது என்று தாயிடம் அழுதிருக்கிறாள். ஆசுப்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனோம். அங்கே இருந்த நேர்ஸ் மிஸி கேட்டா, "பிள்ளை தண்ணி குடிக்கிறேல்லையோ?"

மனுசி மகளின் பக்கம் குனிந்தாள். "ஏன் பிள்ளை குடிக்கிறேல்லை?"

மகள் சுவரைப் பார்த்துக்கொண்டு மெல்லமாகச் சொன்னாள். "குடிச்சா வருமம்மா. வந்தா எங்க போறது?"

நாங்கள் கட்டிய கக்கூசு எனக்குக் கண்ணுக்குள் வந்து நின்றது. ஒரு சின்னப் பிள்ளை தன்பாட்டில் யோசித்து, தண்ணி குடிக்காமல் விட்டால் பிரச்சினை தீர்ந்துவிடும் என்று முடிவெடுத்திருக்கிறாள். அத்தனை பெரிய ஆட்கள் உலாவுகிற பள்ளிக்கூடத்தில்! பாலைக் குடி என்று அடிக்க ஆள் இருந்தது. இதைக் கேட்க ஆள் இல்லை. இப்போது இதை எழுதும்போதும் எனக்குப் பல்லு நெருமுகிறது.

அங்கிருந்து நேரே பள்ளிக்கூடத்துக்குப் போனேன். சாரத்தை மடித்துக் கட்டியது கட்டினபடி.

"ஐயா, திறப்பைத் தாங்கோ."

"என்ன திறப்பு?" என்றார் பெரிய வாத்தியார்.

"கக்கூசுத் திறப்பு. என்ர பிள்ளை அடக்கி அடக்கி ஆசுப்பத்திரியில கிடக்குது."

அவருக்கும் முகம் மாறித்தான் போனது. கதிரையைக் காட்டினார். நான் அதில் குந்தவில்லை.

"கோவப்படாதேயும். பெரியவர் கெதியில வாறன் எண்டு சொல்லியனுப்பினவர். அதுக்கு முதல் பிள்ளையள் பாவிச்சா மணக்குமெல்லோ? அந்த மனுசன் மூக்கைப் பொத்திக்கொண்டோ நாடா வெட்டுறது?"

"கக்கூசு மணக்காமல் வேற என்ன ஐயா மணக்கும்? நாங்கள் என்ன மல்லிகைப் பந்தலே போட்டனாங்கள்?"

"உமக்கு எல்லாம் பகிடி. மேல பாரும், கூரையை. மழைக்குச் சின்ன வகுப்பு முழுக்க ஒழுகுது. அவர் சந்தோசமா வந்து போனால்தான் கூரைக்குக் கேட்க ஏலும்."

"கூரை வாறவரைக்கும் பொம்பிளைப் பிள்ளையள் அடக்கிக்கொண்டு இருக்கட்டோ?"

"இவ்வளவு நாளும் இருந்தவைதானே" என்றார் அவர்.

கெட்ட மனுசன் இல்லை அவர். அதுதான் எனக்குக் கூடக் கொதித்தது. கெட்டவன் என்றால் இரண்டு தூசணத்தோடு ஆறிப்போயிருக்கும். இவர் கூரையைப் பார்த்துக்கொண்டே பிள்ளைகளைப் பார்க்காமல் விட்டவர். இவ்வளவு நாளும் இருந்தவைதானே! அவரை ஒரு முழுநாள் கதிரையோடு கட்டி வைத்து, மணிக்கொரு கோப்பை தேத்தண்ணி பருக்க வேண்டும் போல இருந்தது.

வீட்டுக்கு ஓடி இரும்பு அலவாங்கை எடுத்துக்கொண்டு வந்தேன்.

இந்த இடத்தில் துறைமுகத்து வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். கப்பல் பெட்டியில் பூட்டும் ஈய முத்திரையும் இருந்தால் நாங்கள் அதைத் தொடமாட்டோம். தொட்டால் பொலிஸ், வழக்கு, கோடு கச்சேரி என்று அலைய வேண்டி வரும். பக்கத்துப் பலகை கழன்று போனால் அது ஆருடைய குற்றமும் இல்லை. கடலில் ஆடிக் கழன்றது. பூட்டு இருந்தபடி இருக்கும், சாமான் போயிருக்கும். எங்களுக்குச் சட்டம் என்று தெரிந்தது அவ்வளவுதான்.

ஆகவே நான் பூட்டைத் தொடவில்லை. கதவை நிலையோடு பிடிக்கிற பிணைச்சல் பக்கத்தில் அலவாங்கைக் கொடுத்து நெம்பினேன். நானே அடித்த ஆணிகள். அழகாக அடித்திருக்கிறேன், நாய்ச்சாதி ஆணிகள், வரமாட்டேன் என்றன. இடைவேளைப் பிள்ளைகள் முழுக்கச் சுற்றி நின்று கத்தினார்கள். பெரிய வாத்தியார் விறாந்தையில் நின்று, "நிப்பாட்டும்! நிப்பாட்டும்!" என்றார். நான் பூட்டுக் கொண்டியையும் நிலையிலிருந்து பெயர்த்து, பூட்டு தொங்கத் தொங்கக் கதவைத் தலையில் தூக்கி வைத்தேன்.

"பாருங்கோ ஐயா. உங்கட பூட்டை நான் தொடேல்லை."

உச்சி வெயிலில் கதவோடு றோட்டால் நடந்தேன். கடைக்காரர் கேட்டார், "என்ன, வீட்டுக்குப் புதுக் கதவோ?"

"ஓம், பெரிய இடத்துக் கதவு!" என்றேன். அரசனைப் போல நடந்தேன் என்றுதான் என் நினைப்பு.

பின்னேரம் மனுசி உடுப்பு எடுக்க ஆசுப்பத்திரியிலிருந்து வந்தாள். முற்றத்தில் கதவைக் கண்டு நின்றாள்.

"இஞ்சாருங்கோ, இது எங்கத்தையான்?"

நான் நடந்ததெல்லாம் சொன்னேன். கையைக் காலை ஆட்டித்தான் சொன்னேன். அவள் சிரிப்பாள் என்று பார்த்தால் கண்ணை எடுக்காமல் என்னையே பார்த்தாள்.

"கதவில்லாத கக்கூசுக்குள்ள எந்தப் பொம்பிளைப் பிள்ளை போய்க் குந்தும்?"

நான் கதவைத் திரும்பிப் பார்த்தேன்.

"உங்களுக்கென்ன விசரே? பூட்டை உடைச்சிருந்தாக் காரியம் முடிஞ்சிருக்கும். உள்ளதையும் கழட்டிக் கொண்டந்து வைச்சுக்கொண்டு கதை வேற."

மகள் கட்டிலில் கிடக்க, அவளுக்காக என்று கிளம்பி, பள்ளிக்கூடத்துப் பொம்பிளைப் பிள்ளைகள் எல்லாருக்குமாக அந்த வாசலை நான் இன்னும் நன்றாக அடைத்துவிட்டு வந்திருக்கிறேன். கோபம் இப்போது யார் மேல் என்று தெரியாமல் முற்றத்துத் தென்னையை உதைத்தேன். கால்தான் வீங்கியது.

மனுசி பேசிக்கொண்டு நிற்கவில்லை. வீட்டில் கிடந்த சாக்குகளை வெட்டிக் கோணூசியால் பொருத்தித் தைத்தாள். காலையில் இரண்டு மூன்று தாய்மாரையும் கூட்டிக்கொண்டு போய் அந்த வாசலில் தொங்கவிட்டாள். இடைவேளைக்கு ஒரு தாய் என்று முறை வைத்து, வாளியில் தண்ணியோடு பக்கத்தில் குந்திக்கொண்டார்கள். பெரிய வாத்தியார் கிட்ட வந்து பார்த்தார், தொண்டையைச் செருமினார், திரும்பிப் போனார். எனக்கு மட்டும் தடை வந்தது. நான் படலைக்கு உள்ளே கால் வைக்கக் கூடாதாம். பள்ளிக்கூடத்தை விட்டு நிறுத்தப்பட்ட ஆள் என்று இப்போது நானும் சொல்லிக்கொள்ளலாம். அதற்குக்கூட முதலில் சேர வேண்டும் என்றல்லவா நினைத்திருந்தேன்.

மகளுக்குச் சுகமானது. ஆனால் பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்று நின்றாள். பார்க்க வந்த பிள்ளைகள் சொன்னார்களாம், சாக்குக் காற்றுக்குத் தூக்குதாம். வாடிப் பக்கத்தால் தெரியுமாம். தாய் பிடித்துக்கொண்டு நிற்பேன் என்றாள். "நீங்கள் ஒவ்வொரு நாளும் நிப்பீங்களோ?" என்று மகள் கேட்டாள்.

அந்தக் கிழமையே பெரிய வாத்தியார் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். படலைக்கு வெளியே நான், உள்ளே அவர்.

"பெரியவர் நாள் சொல்லிப்போட்டார். சாக்கைப் பார்த்தால் என்ன நினைப்பார்? அந்தக் கதவைக் கொண்டந்து பூட்டித் தாரும்."

"பூட்டித் தாறன். ஆனால் வெளியால கொண்டி போடமாட்டன். உள்ளுக்கு மட்டும்தான்."

"அப்ப நான் எப்பிடிப் பூட்டுறது?"

"ஏலாது ஐயா. உள்ளுக்கு இருக்கிற ஆள்தான் பூட்டலாம்."

அவர் ஆம்பிளைகள் குந்தியிருந்த வாடிப்பக்கம் திரும்பிப் பார்த்தார். பிறகு படலையைத் திறந்துவிட்டார்.

நான் கதவை மாட்டி, வெளிப்பக்கத்து ஓட்டைகளைக் கட்டையால் அடைத்து, உள்ளே ஒரு தடித்த கொண்டி போட்டேன். மகளைக் கூட்டி வந்து காட்டினேன். அவள் கதவை இழுத்துப் பார்த்தாள், தள்ளிப் பார்த்தாள், பலகை இடைவெளியில் கண் வைத்துப் பார்த்தாள். பிறகு உள்ளே போனாள். கொண்டி விழுந்த சத்தம் எனக்கும் பெரிய வாத்தியாருக்கும் கேட்டது.

வரமாட்டாள் போல இருந்தது. பின்னால் பிள்ளைகள் வரிசை கட்டிவிட்டார்கள். "கெதியா வாடி!" என்று ஒருத்தி கத்தினாள். பெரிய வாத்தியாருக்குப் பொறுக்கவில்லை. கையைக் கொடுத்துக் கதவைத் தள்ளிப் பார்த்தார்.

"ஆள் இருக்குது!" என்று உள்ளேயிருந்து அதட்டினாள் என் மகள்.