டெமிட்டருக்கு ரோமில் வேறு பெயர்

ஞாயிறு காலை 5.10. மதுரை ஆரப்பாளையத்தில் திருப்பூர்ப் பேருந்து ஏறினேன். கல்லூரியில் முப்பது வருடம் மேலைநாட்டு வரலாறு நடத்தியவனுக்கு, ஓய்வுக்குப் பிறகு கிடைத்த வேலை இது: பனியனில் சாமி பெயர் சரிபார்ப்பது.

9.50. திருப்பூரிலிருந்து பெருமாநல்லூருக்கு ஆட்டோ, முந்நூறு ரூபாய். "ஞாயித்துக்கிழமையும் கம்பெனிக்குப் போறீங்களே, ஷிப்மெண்ட் அவசரமுங்களா?" என்றார் ஓட்டுநர். ஆமாம் என்றேன்.

10.30. அன்னையர் தினத்துக்கான ஆர்டர். பனியனில் தாய்த்தெய்வப் படங்கள் ஒன்றே; லேபிளில் மட்டும் ஏதென்ஸ் போகும் பெட்டிக்குக் கிரேக்கப் பெயர், ரோம் போவதற்கு ரோமானியப் பெயர். ஹீரா அங்கே ஜூனோ. ரியா என்றால் ஆப்ஸ். பூமித்தாய் கையா, டெல்லஸ் ஆகிறாள். கோதுமைக் கதிர் ஏந்திய டெமிட்டர்தான் சீரிஸ். ரோம் பெட்டியைத் திறந்தால், கதிர் ஏந்தியவளின் கழுத்துப்பட்டியில் ஜூனோ லேபிள்.

ஆர்டரைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர் கார்த்தி பதறவில்லை. "சீரிஸ் லேபிள் ஷார்ட்டேஜ் ஆயிப்போச்சுங்க சார். ஜூனோவும் ஆத்தாதானுங்களே? எங்கூர்ல மாரியாத்தா, மாகாளியாத்தான்னு எந்தப் பேர்ல கும்பிட்டாலும் ஆத்தா ஒண்ணுதானுங்க."

ஜூனோ கல்யாணத்துக்கும் பிள்ளைப்பேற்றுக்கும், சீரிஸ் விளைச்சலுக்கு என்று பாடம் எடுத்தேன். வாத்தியார் புத்தி எங்கே போகும்? ரோமர்கள் செய்ததும் ஏறக்குறைய கார்த்தியின் வேலைதான்; தங்கள் ஊர் சீரிஸின் பெயரை டெமிட்டரின் கதைமேல் தைத்துக்கொண்டார்கள். அவர்களை யாரும் பிரித்துத் தைக்கச் சொல்லவில்லை. நான் 'பிழை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். சீரிஸ் லேபிள் அவசரமாக அடித்து வர ஆள் போனது; ஜூனோவைப் பிரித்துத் தைத்தாக வேண்டும். மாலை ஆறு மணிக்கு லாரி. அதுவரை யாருக்கும் லீவு கிடையாது என்று மேனேஜர் அறிவித்தார்.

12.15. செக்கிங் மேஜையில் லேபிள் பிரித்துக்கொண்டிருந்த புஷ்பம், நாங்குநேரிப் பக்கத்துக்காரர். மகள் ஜெனி தாராபுரம் பக்கம் ஒரு நூற்பாலை விடுதியில் இருக்கிறாள். மாதத்தில் ஒரு ஞாயிறு மட்டும், ஐந்து மணிவரை பார்க்க விடுவார்கள். அந்த ஞாயிறு இன்று. மதியப் பேருந்துக்கு லீவு சொல்லி வைத்திருந்தார்.

"இந்தக் கதிர் வச்சிருக்க அம்மா யாரு ஸார்?"

இவள் மகளைப் பாதாள ராஜா தூக்கிப்போனதையும், இவள் ஊரூராய்த் தேடியதையும், ஒரு பயிரையும் முளைக்கவிடாமல் அடம்பிடித்ததையும் சொன்னேன். கடைசியில் வருடத்தில் சில மாதம் மகள் அம்மாவோடு இருக்கலாம் என்று முடிவானது.

"மாசக்கணக்குலயா?" என்றார் புஷ்பம். நூலைக் கத்தரித்தார். "கொடுத்து வச்சவதான். நீங்க தாராபுரம் வழியாத்தான போவிய? இந்த அதிரசத்த மட்டும் ஜெனிகிட்ட குடுத்துருங்க ஸார்."

4.40. ஆலை வாசலில் இறங்கினேன். கம்பிக் கதவுக்கு அந்தப் பக்கம் நின்ற பெண், டப்பாவை வாங்கியதும் என் பின்னால் எட்டிப் பார்த்தாள்.

"அம்மாவுக்கு மேலுக்கு முடியலையா ஸார்?"

"நல்லாத்தான் இருக்காங்க. கம்பெனியில லேபிள் மாறிப்போச்சு. பிரிச்சுத் தைக்கிறாங்க."

"இன்னைக்குப் பாத்து எவன் ஸார் அதக் கண்டுபுடிச்சான்?"

"தெரியலம்மா" என்று சொல்லிவிட்டு மதுரைப் பேருந்துக்கு நடந்தேன்.