கோணல் கெபாசிட்டர்

ஆபீஸில் அவரை எல்லோரும் ஸ்கேல் என்றுதான் கூப்பிட்டார்கள். மேஜையில் ஒரு பேனா கோணலாகக் கிடந்தால், அதை நேராக்கிவிட்டுத்தான் மறு வார்த்தை பேசுவார். வீட்டிலும் இதே கூத்துதான். தண்ணீர் ஜக்கும் டம்ளர்களும் சாப்பாட்டு மேஜையிலிருந்து எட்டடி தள்ளி, அலமாரியில் உயர வரிசைப்படி நிற்கும். அவர் மனைவி சண்டை போட்டுச் சலித்துப்போய்ப் பல வருஷமாகிறது.

அவருடைய வேலை சர்க்யூட் போர்டு வரைவது. கடைசியாக வரைந்தது ஆஸ்பத்திரியில் டோக்கன் கொடுக்கும் மிஷினுக்கு. போர்டில் உள்ள ஒவ்வொரு சிப்புக்கும் துணையாக ஒரு குட்டி கெபாசிட்டர் வேண்டும். மின்சாரம் கண நேரம் தடுமாறினால், தன்னிடம் இருப்பதைக் கொடுத்து அது சிப்பைத் தாங்கிக்கொள்ளும். நம்மவர் அத்தனை கெபாசிட்டர்களையும் போர்டின் ஒரு ஓரத்தில் ஒரே கோட்டில் நிறுத்தியிருந்தார். பார்க்க அவ்வளவு லட்சணம்! வெட்கமே இல்லாமல் அதைப் படமெடுத்துத் தன் மேஜைக்கு எதிரே மாட்டியும் வைத்துக்கொண்டார்.

மிஷினை ஆஸ்பத்திரியில் வைத்த அன்றே, அவருடைய மாமனார் முழங்கால் வலிக்காக அங்கே போயிருந்தார். போனில் ஒரே பூரிப்பு.

"மாப்ள, எனக்குத்தான் முதல் நம்பர்!"

பத்து நிமிஷத்தில் மறுபடி போன். "மாப்ள, இங்க எல்லாருக்குமே முதல் நம்பர்தான். அடிதடி ஆயிடும் போலிருக்கு."

ஒவ்வொரு சீட்டு அச்சாகும்போதும் பிரிண்டர் மின்சாரத்தை இழுத்துக்கொண்டது. சிப் மயங்கி விழுந்து, எழுந்து, எல்லாவற்றையும் மறந்துவிட்டு மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பித்தது.

மேனேஜர் மிஷினைத் திருப்பி வாங்கிவந்து இவர் முன்னால் வைத்தார். "நாளைக்கு மத்தியானத்துக்குள்ள சரியாகலைன்னா, நீங்க ஸ்டோர் ரூமுக்குப் போயிடுங்க. அடுக்கி வைக்கிறதுதான் உங்களுக்கு நல்லா வருதே."

பதினெட்டு வருஷம் போர்டு வரைந்த மனுஷன் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார். கெபாசிட்டரைக் கழற்றிவிட்டு அதே இடத்தில் பத்து மடங்கு பெரியதைப் போட்டுப் பட்டனை அழுத்தினார். வந்த சீட்டிலெல்லாம் ஒன்று. நூறு மடங்கு போட்டார். அதற்கும் ஒன்றுதான்.

மாலையில் தொங்கிய முகத்தோடு வீட்டுக்கு வந்தார். மாமனாரும் சாப்பிட வந்திருந்தார். ஆஸ்பத்திரிச் சண்டையை நடித்துக் காட்டிக்கொண்டே சாப்பிட்டவருக்குப் புரையேறிவிட்டது. கண் பிதுங்கியது. ஸ்கேல் அலமாரிக்கு ஓடினார்.

"ஜக் நிறைய தண்ணி இருந்து என்ன பிரயோஜனம்?" என்று மனைவி கத்தினாள். "அவசரத்துக்குக் கைக்கு எட்ட வேணாமா? சாப்பிடறவர் பக்கத்துல வெச்சா கிரீடமா இறங்கிடும்?"

ஜக்கும் கையுமாக அவர் அப்படியே நின்றுவிட்டார். "பக்கத்துல..." என்றார்.

"அப்பாவுக்கு முதல்ல குடுங்க!" என்று மனைவி ஜக்கைப் பிடுங்கிக்கொண்டு போனாள்.

மறுநாள் காலை, பழைய குட்டி கெபாசிட்டரையே எடுத்து, ஓரத்தில் வைக்காமல், சிப்புக்குப் பக்கத்திலேயே, அதன் கால்களுக்கு நேர் குறுக்கே பற்றவைத்தார். இடம் போதாமல் அது படு கோணலாக உட்கார்ந்தது. நேராக்கக் கை துறுதுறுத்தது. கையைப் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டு, முழங்கையால் பட்டனை அழுத்தினார். ஒன்று. இரண்டு. மூன்று. ஐம்பது வரை அழுத்திவிட்டு, யாரும் பார்க்கவில்லை என்று தெரிந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மேனேஜர் ஐம்பது சீட்டையும் புரட்டிப் பார்த்தார். ஸ்டோர் ரூம் பேச்சை அதற்கப்புறம் எடுக்கவே இல்லை. சுவரில் இருந்த படத்தை ஸ்கேலே கழற்றிவிட்டார்.

அடுத்த வாரம் மாமனார் போன் செய்தார். குரலில் கோபமென்றால் கோபம்.

"என்ன மாப்ள, இந்தத் தடவை எனக்கு முப்பத்தேழு! உங்க மிஷின்ல எனக்கு இவ்வளவுதான் மரியாதையா?"

"முப்பத்தேழா மாமா? நல்லாப் பாத்தீங்களா?"

"முப்பத்தேழுதான்யா!"

"இன்னொரு தடவை சொல்லுங்க மாமா," என்றார் ஸ்கேல்.