சத்தியச் சாமியின் கரிபடிந்த கை

பானுப்ரியா திருப்பூருக்குப் புறப்பட்டது 1999ஆம் வருடம் வைகாசி மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை. ஆண்டிமடம் கடைத்தெருவில் முந்திரிக்கொட்டை ஏற்றிய வண்டிகள் வழியை அடைத்து நின்றதால் பஸ் நகர நேரமானது. அவ்வளவு நேரமும் அவளுடைய அம்மா சிந்தாமணி சன்னலுக்குக் கீழேயே நின்றார். வலது கையை முந்தானைக்குள் சுற்றி வைத்திருந்தார். பன்னிரண்டு வயது மகள் அந்தப் பக்கம் திரும்பவேயில்லை. அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த சித்தப்பா செல்லக்கண்ணுதான் பேசினார்.

"போங்க அண்ணி, வெயில்ல நிக்காதீங்க. எங்கண்ணன் உசுரோட இருந்தாலும் இதத்தான் செஞ்சிருப்பாரு. நாளைக்கு இவள ஒருத்தன் கையில புடிச்சுக் குடுக்கணும்ல? திருடி மவள எவன் கட்டுவான்?"

 பஸ் கிளம்பியபோது சிந்தாமணி கையசைக்கக்கூட முந்தானைக்குள்ளிருந்து அந்தக் கையை எடுக்கவில்லை.

அந்த வாரம் நடந்தது இதுதான். ராசாங்கத்தின் முந்திரிக் கம்பெனியில் சிந்தாமணி கொட்டை உடைக்கும் வேலை பார்த்துவந்தார். ஓட்டிலிருந்து வழியும் எண்ணெய் தோலைப் பொசுக்கிவிடும். அதனால் பெண்கள் சாம்பலைக் கையில் பூசிக்கொண்டு உட்காருவார்கள். அப்படியும் விரல்கள் கறுத்துப்போகும். ஒரு நாள் சாயங்காலம் முழுப் பருப்பு ஒரு தூக்குவாளி குறைந்தது. ராசாங்கம் எல்லோரையும் முந்திரித் தோப்பிலுள்ள சத்தியச் சாமியிடம் கூட்டிப்போனார்.

அது ஒரு கல். சம்மணமிட்டு, மடியில் கைமேல் கை வைத்து உட்கார்ந்திருக்கும். விரித்த அந்தக் கல் உள்ளங்கையில் சூடத்தை ஏற்றுவார்கள். சந்தேகத்துக்கு ஆளானவர், "நான் எடுக்கலை" என்று சொல்லித் தன் உள்ளங்கையால் அந்தத் தீயை அடித்து அணைக்க வேண்டும். அணைந்தால் நிரபராதி. மற்ற பெண்கள் வேலை முடித்து, சாம்பல் போட்டுத் தேய்த்துக் கை கழுவியிருந்தார்கள். எல்லோரும் அணைத்தார்கள். சிந்தாமணியை அடுப்படியிலிருந்து வறுத்த கொட்டையை அள்ளிக்கொண்டிருந்தபோது கழுவாத எண்ணெய்க் கையோடு அப்படியே இழுத்து வந்திருந்தார்கள். அவர் அடித்தபோது தீ அணையவில்லை. அவருடைய கையில் ஏறிக்கொண்டது.

அந்த ஊரில் முந்திரி ஓட்டைப் போட்டுத்தான் அடுப்பெரிக்கிறார்கள். மழை நாளில்கூட அது குப்பென்று பற்றும் என்பது சின்னக் குழந்தைக்கும் தெரியும். ஆனால் அன்று தோப்பில் நின்ற ஒருவருக்கும் அது ஞாபகம் வரவில்லை. சாமி காட்டிவிட்டது என்றார்கள். வேடிக்கை பார்க்க வந்த கூட்டத்தில் பானுப்ரியாவும் இருந்தாள்.

இதெல்லாம் பிறகு நான் கேட்டுத் தெரிந்துகொண்டது. நான் பெரம்பலூர்க்காரி. லடாக், நேபாளம் என்று வருடக்கணக்காகச் சுற்றிவிட்டு 2003இல் வீட்டுக்குத் திரும்பினேன். எங்கள் ஊர் வழியே ராத்திரி பகலாக ஓடும் சென்னை பஸ்ஸெல்லாம் என்னை ஏறச் சொல்வதுபோல் இருந்தது. ஆண்டிமடம் தோப்பு ஒன்றில் புத்தர் சிலை இருக்கிறதாம் என்று யாரோ சொன்னதும் பையைத் தூக்கிக்கொண்டு வந்தேன். அந்தப் புத்தர்தான் ஊர்க்காரர்களின் சத்தியச் சாமி. இரண்டு நாள் தங்குவதற்கென்று பிடித்த அறை சிந்தாமணி அக்காவின் வீட்டை ஒட்டி இருந்தது. அங்கேயே இருந்துவிட்டேன்.

முதல் நாள் தண்ணீர் கேட்டபோது அவர் இடது கையால் சொம்பை நீட்டினார். எனக்குச் சுருக்கென்றது. அப்புறம்தான் வலது கையைப் பார்த்தேன். உள்ளங்கைத் தோல் சுருங்கிப் பளபளத்தது.

கம்பெனிகளில் யாரும் அவரை வேலைக்குக் கூப்பிடுவதில்லை. கடலைக்காட்டில் களை எடுத்துப் பிழைத்தார். குழாயடியில், "சிந்தாமணிகிட்ட கேளு, பாயசத்துக்குப் பருப்பு எடுத்துத் தருவா" என்று யாராவது சொல்வார்கள். மற்றவர்கள் சிரிப்பார்கள். அவர் குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார். தீபாவளிக்கு மகளைப் பார்க்க ஒரு முறை திருப்பூர் போனாராம். "அம்மாவ வரச் சொல்லாதீங்க" என்று மகள் உள்ளேயிருந்தே சொன்னது வாசலில் நின்ற அவர் காதில் விழுந்ததாம்.

நான் காலையில் கொல்லைப்புறம் தியானத்தில் உட்காருவதைப் பார்த்து அவரே ஒருநாள் கேட்டார்.

"ஏம் முத்து, எந்திரிச்ச ஒடனே மறுபடியும் தூங்குறியே, ராவெல்லாம் என்ன பண்ற?"

"தூக்கமில்லக்கா" என்று சொல்லி விளக்கினேன். நேபாளத்தில் ஒரு பிக்குணி கற்றுத்தந்தது அது. முதலில் தான் செய்த தப்பை நினைத்து வாயால் சொல்ல வேண்டும். பிறகு தலைக்கு மேலே நிலா வெளிச்சம் போல ஒன்று நிற்பதாகவும், அது பால் போல உள்ளே இறங்குவதாகவும் நினைக்க வேண்டும். உள்ளே இருக்கும் கறுப்பெல்லாம் புகைக்கரி போலக் கால் வழியே வெளியேறும். கடைசியில் ஒன்றைக் கண்டுகொள்ள வேண்டும். இப்போது தெரியும் சுத்தம் புதிதாக வந்ததல்ல. பிறந்ததிலிருந்தே இருந்தது. அழுக்கு அதில் ஒட்டவேயில்லை.

"ஒட்டவே இல்லயா?" என்றார் அக்கா. "எனக்கும் சொல்லிக்குடு."

மறுநாள் எதிரெதிரே உட்கார்ந்தோம். "செஞ்ச தப்ப நெனச்சு, மெதுவா சொல்லுங்கக்கா" என்றேன். அவருடைய மூச்சு வேகமாவது கேட்டது. கண்ணைத் திறந்தால் அவர் எழுந்து நிற்கிறார்.

"ராசாங்கமும் இதத்தானே கேட்டாரு? 'சொல்லிடு, விட்டுடறேன்'னாரு. நேபாளம் வரைக்கும் போயி இதத்தான் கத்துக்கிட்டு வந்தியா நீ?"

"அக்கா, நான் அத நெனச்சுச் சொல்லல…"

"எடுக்காதத எப்பிடிடி சொல்லுவேன்?" என்றார். பிறகு குரல் இறங்கிவிட்டது. "கேட்டுக் கேட்டு எனக்கே சந்தேகமாப் போச்சு முத்து. எடுத்திருப்பனோ? இல்லாட்டி கை ஏன் பத்துச்சு? எம்புள்ள ஏன் மூஞ்சியத் திருப்புச்சு?"

அதற்குப் பிறகு பல நாள் என்னோடு பேசவில்லை. கிளம்பிவிடலாமா என்று நினைத்தேன். பையைக்கூடக் கட்டிவிட்டேன். அப்போது அவரே வந்து வாசற்படியில் உட்கார்ந்தார்.

"கடேசியில இருந்து ஆரம்பிச்சா ஆவாதா?"

"அப்படின்னா?"

"ஒட்டவே இல்லன்னு சொன்னியே. அதுலேர்ந்து."

அப்படிச் செய்யலாமா என்று எனக்குத் தெரியாது. கேட்கவும் ஆளில்லை. செய்தோம். நிலா, பால் எதுவும் வேண்டாம் என்றுவிட்டார். வலது கையை மடியில் விரித்து வைத்துக்கொண்டு உட்காருவது, அவ்வளவுதான். அதுவே அவரால் முடியவில்லை. கண்ணை மூடியதும் விரல்கள் தாமாக மடங்கிக்கொள்ளும். மெதுவாகப் பிரிப்பார். மறுபடி மடங்கும். சில காலைகளில் அழுதுகொண்டே எழுந்துபோவார். மழைக்காலம் முடிந்து முந்திரி பூத்த சமயத்தில் அந்தக் கை கொஞ்ச நேரம் விரிந்தபடியே இருந்தது.

"இங்க உக்காந்து என்ன புண்ணியம்?" என்றார் ஒருநாள். "அங்க போயி உக்காரணும்."

அந்த வருடம் முந்திரி அறுவடை ஓய்ந்த ஒரு பிற்பகலில் போனோம். ஐந்து வருடத்துக்கு மேலாக அவர் அந்தத் தோப்புப் பக்கமே போனதில்லை. கல்லுக்கு எதிரே போய் நின்றார். அப்புறம் குனிந்து அதன் மடியைப் பார்த்தார்.

"இது கையும் எங்கையாட்டந்தான் கெடக்கு."

ஊர் ஏற்றிய சூடக் கரியெல்லாம் அந்தக் கல் உள்ளங்கையில் தடிப்பாகப் படிந்திருந்தது. அக்கா கட்டைவிரலால் ஒரு ஓரத்தைச் சுரண்டினார். அடியில் கல் வெளுப்பாகத் தெரிந்தது. எதிரே உட்கார்ந்து கையை மடியில் விரித்துக் கண்ணை மூடினார்.

அப்போதுதான் பேச்சுச் சத்தம் கேட்டது. ராசாங்கம் முன்னால் வர, பின்னால் கம்பெனிப் பெண்கள். நடுவில் சின்னப்பிள்ளை என்ற இளம்பெண் விசும்பிக்கொண்டு வந்தாள். மறுபடியும் பருப்பு குறைந்திருக்கிறது. அவளுடைய கைகள் முழங்கை வரை எண்ணெயில் மினுங்கின.

"ஏ, யாரது? சிந்தாமணியா?" ராசாங்கம் நின்றார். "ஒனக்கு இங்க என்ன வேல? எந்திரி."

அக்கா எழவில்லை.

"திருடிக்குத் தவம் வேற கேக்குதா? எந்திரின்னா!"

யாரோ சிரித்தார்கள். அவருடைய விரல்கள் மடங்கத் தொடங்கியதைப் பார்த்தேன். இப்போது மடங்கினால் இனி என்றைக்கும் விரியாது என்று தோன்றியது. பாதி மடங்கி, நின்று, மெதுவாகத் திரும்பவும் விரிந்தன. கண்ணைத் திறந்தார். ராசாங்கத்தைப் பார்க்கவில்லை. அந்தப் பெண்ணைப் பார்த்தார்.

"சின்னப்புள்ள, கையக் கழுவிட்டு வா. சாம்பல் போட்டு நல்லாத் தேச்சுக் கழுவு. அப்பறம் சூடத்த அடி."

பெண்கள் ஒவ்வொருவராகத் தங்கள் கைகளைப் பார்த்துக்கொண்டார்கள். ராசாங்கம்தான் கத்தினார். "திருடி திருடிக்குச் சொல்லிக்குடுக்குறா பாரு!"

"நான் எடுக்கல" என்றார் அக்கா. வெயில் அடிக்கிறது என்று சொல்வது போலத்தான் சொன்னார்.

கூட்டத்திலிருந்த ஒரு வயதான பெண் சின்னப்பிள்ளையின் தோளைத் தொட்டு, "வாடி, மோட்டார் கொட்டாய்ல தண்ணி ஓடுது" என்று கூட்டிப்போனாள். திரும்பி வந்து அவள் அடித்ததும் சூடம் அணைந்தது. யாரும் சாமியைக் கும்பிடவில்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் கலைந்து போனார்கள்.

அதற்குப் பிறகு அந்தத் தோப்பில் யாரும் சூடம் அடித்ததாக எனக்குத் தெரியவில்லை. சிந்தாமணியிடம் யாரும் மன்னிப்பும் கேட்கவில்லை. குழாயடியில் அந்தக் கேலி மட்டும் நின்றுபோனது. அவர் களை எடுக்கப் போனார், காலையில் உட்கார்ந்தார், வலது கையாலேயே எனக்குச் சோறு போட்டார். திருப்பூர் போகும் உறவுக்காரர் ஒருவரிடம் என் செல்போன் நம்பரை எழுதிக் கொடுத்தனுப்பினார். சேதி எதுவும் சொல்லியனுப்பவில்லை. "அவளாக் கூப்புட்டாக் கூப்புடட்டும்" என்றார். முதல் வருடம் தினமும், "ஒம் போன் அடிச்சுச்சா?" என்று கேட்டார். பிறகு கேட்பதை விட்டுவிட்டார். நான் இடையில் இரண்டு முறை ஊர் சுற்றப் போய்த் திரும்பினேன். போன் அடிக்கவில்லை.

2007 பங்குனியில் ஒரு மத்தியானம் தெரியாத நம்பரிலிருந்து குறுஞ்செய்தி வந்தது. ஆங்கில எழுத்தில் அடித்த தமிழ். அக்கா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எழுத்துக்கூட்டிப் படித்துக் காட்டினேன்.

"அக்கா, அம்மாகிட்ட படிச்சுக் காட்டுங்க. நான் சாயப்பட்டறையில வேல பாக்கறேன். இன்னிக்கு பாய்லர்ல போட நம்ம ஊரு முந்திரி ஓடு ஒரு லோடு வந்துச்சு. வாசன வந்ததும் நின்னுட்டேன். அன்னிக்கு தோப்புலயே எனக்குத் தெரியும்மா, ஓட்டு எண்ணெய்லதான் பத்துச்சுன்னு. எல்லாரும் பேசாம நின்னாங்க, பயந்துகிட்டு நானும் நின்னுட்டேன். அப்பறம் ஒன் மூஞ்சியப் பாக்க முடியல. ஞாயித்துக்கெழம வரேன். பஸ் ஸ்டாண்டுக்கு வா. பானு."