பன்சலை வளைவில் நின்ற மேளம்

போன கிழமை ருவான்வெல்லைக் கடைவீதியில் மகளோடு மரக்கறி வாங்கிக்கொண்டிருந்தேன். எதிரே ஒரு லொறியில் அம்மன் ஊர்வலம் வந்தது. நாதஸ்வரமும் தவிலும் முழங்கின. வாசிக்கிற ஆள்தான் ஒருவரும் இல்லை, எல்லாம் பென் டிரைவுக்குள். வயர் கழன்றதோ என்னவோ, சத்தம் பட்டென்று நின்றது. நான் மகளின் கையை இறுக்கிப் பிடித்துவிட்டேன்.

"என்னம்மா இப்படி வேர்க்குது? சுகர் எறங்கிருச்சா?" என்று ஒரு டொஃபியை என் வாயில் திணித்தாள்.

சுகருமில்லை, ஒரு மண்ணுமில்லை. மேளம் கேட்டால் எனக்குச் சந்தோஷம்தான். நடுவில் நின்றால்தான் குலை நடுங்கும். அவளிடம் இதைச் சொன்னதில்லை, உங்களிடம் சொல்கிறேன்.

எங்கள் ரப்பர் தோட்டத்தில் சித்திரையில் மாரியம்மன் திருவிழா. அதற்கென்றே தோட்டத்தில் ஒரு மேளச் செட் இருந்தது. காலையில் பால் வெட்டப் போகிறவர்கள்தான் பின்னேரம் கூடிப் பழகுவார்கள். ஒரு காலத்தில் இரண்டு நாயனம், இரண்டு தவில், ஒத்து, தாளம் என்று பெரிய கோஷ்டியாம். இரண்டு அரசாங்கமும் போட்ட குடியுரிமை ஒப்பந்தத்தில் பாதிப் பேர் இந்தியாவுக்குக் கப்பலேறிய பிறகு, மிஞ்சியது மாணிக்கம் மாமாவின் நாயனம் ஒன்றுதான். தவிலுக்கு என் அண்ணன் செபஸ்தியான் போனான். நாங்களோ வேதக்கார வீடு.

"மாதா கோயில் புள்ளைக்கு அம்மன் கோயில்ல என்னடா வேல?" என்று அம்மா கத்தினாள்.

"தவிலுக்கு ஏதும்மா வேதம்?" என்று அவன் சிரித்தான். அதோடு விட்டானா? சுருதிக்கு மாதா கோயில் ஆர்மோனியத்தையும் இரவல் வாங்கி, ஒருவன் கழுத்தில் கட்டித் தொங்கவிட்டான். சுவாமியார் கண்டும் காணாதவர்போல் இருந்துவிட்டார், நல்ல மனுஷன்.

தவில் அடிக்கிற விரல்களுக்குப் பசை போட்டுக் காயவைத்த துணிக்கூடு மாட்டுவார்கள். அண்ணன் ஒருமுறை புத்திசாலித்தனமாக அதை ரப்பர் பாலில் தோய்த்துச் செய்தான். "தலகாணிய அடிக்கிற மாதிரி இருக்குடா" என்று மாமா பிடுங்கி எறிந்தார். ஒட்டுப்பால் நாற்றம் மூக்கில் ஏறினால் இன்றைக்கும் எனக்கு அந்தச் சிரிப்புத்தான் ஞாபகம் வரும்.

ஊர்வலம் தோட்டத்தை விட்டிறங்கி ஆற்றுக்குப் போய்த் திரும்பும். வழியில் சிங்களக் கிராமம், அவர்களுடைய புத்த கோயிலான ஒரு பன்சலை. பன்சலை மதில் தொடங்கும் வளைவில் மேளத்தை நிறுத்தி, பாலம் தாண்டியதும் மறுபடி எடுப்பது வழக்கம். யாரும் போட்ட சட்டமில்லை, ஒரு மரியாதை. கோஷ்டி முன்னால் போய்விடும். பால்குடம் எடுத்த சிநேகிதிகளோடு நான் வெகு பின்னால், வாய் ஓயாமல். நாங்கள் அந்த வளைவுக்கு வருவதற்குள் அப்பால் மேளம் எழும்பிவிடும்.

எண்பத்துமூன்று ஆடிக் கலவரத்துக்கு அடுத்த சித்திரை அது. அந்த ஆடியில் எங்கள் லயத்தில் ஒரு வரிசை வீடுகள் எரிந்து, ரப்பர் காட்டுக்குள் ஒளிந்து கிடந்தவர்கள் நாங்கள். மேளம் இந்த வருஷம் பாலம் தாண்டாது என்று கடைவீதியில் சில பையன்கள் சொன்னதாகப் பேச்சு.

"அண்ணே, நீ போகாத. எனக்குப் பயமா இருக்கு."

"நான் போகாட்டி தவிலு யாரு அடிக்கிறது? சும்மா இரு தங்கச்சி."

வளைவில் மேளம் நின்றது. நடந்தோம். அன்றைக்கு ஒருத்தியும் வாய் திறக்கவில்லை. வளைவுக்கும் வந்துவிட்டோம். மேளம் எழும்பவில்லை. எட்டிப் பார்த்தேன். ரோட்டில் கோஷ்டியைக் காணோம். ஆர்மோனியத்தில் சுற்றியிருந்த பூச்சரம் மட்டும் நசுங்கிக் கிடந்தது. பாலத்தில் தடிகளோடு பத்துப் பதினைந்து பேர். மாதாவே என்றேனா மாரியம்மா என்றேனா, தெரியாது. இரண்டு பேரையும் கூப்பிட்டிருப்பேன். அண்ணனைக் கொன்று ஆற்றில் போட்டுவிட்டார்கள் என்றே நினைத்தேன்.

பன்சலை வாசலில் நின்ற வயதான பிக்கு, ஹாமுதுரு என்போம், கையசைத்தார். "சீக்கிரம் உள்ளே வாங்க, உங்க ஆட்கள் இங்கேதான்" என்றார் சிங்களத்தில். பாலத்தில் நிற்பவர்களைப் பார்த்ததும் கோஷ்டியை அவர்தான் உள்ளே இழுத்துக்கொண்டாராம். பிரசங்க மண்டபத்தில் அண்ணன் தவிலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். உதடு வெளுத்திருந்தது. ஹாமுதுரு ஒற்றை ஆளாய்ப் பாலத்துக்குப் போனார். ஞாயிறு வகுப்பில் அவரிடம் புத்த தர்மம் படித்த பையன்கள் அவர்கள். ஒவ்வொருவனையும் பெயர் சொல்லி ஏசி வீட்டுக்கு விரட்டினார். நாங்கள் அம்மனைத் தூக்கிக்கொண்டு மேளமில்லாமல் ரப்பர் காட்டுக் குறுக்குப் பாதையால் திரும்பினோம்.

அந்தச் செட் அதோடு சரி. மாமா நாயனத்தைத் தொடவில்லை. ஆற்றுக்குப் போகிற ஊர்வலமும் நின்று, திருவிழா கோயில் வாசலுக்குள் சுருங்கியது. அண்ணன் கிளிநொச்சிக்குப் போய்க் காணி வெட்டிக் குடியேறினான். யுத்தத்தின் கடைசி மாதங்களில் அவனைப் பற்றிய சேதி நின்றுபோனது. நான் ஏறி இறங்காத முகாம் இல்லை, அவன் படத்தைக் காட்டாத ஆள் இல்லை.

கிளிநொச்சிக்கு அவனை பஸ் ஏற்றிவிட அன்றைக்கு நான்தான் போயிருந்தேன். ஜன்னலால் தலையை நீட்டி, "அங்க எல்லாம் நம்ம ஆளுங்கதான். இனி பயப்பட ஒண்ணுமில்ல, போ" என்றான். நானும் நம்பினேன். அந்த ஆடிக்குப் பிறகு அன்றைக்குத்தான் நான் நிம்மதியாகத் தூங்கினேன்.